நல்ல நகவெட்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? வீட்டு உபயோகத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கத்தி வாங்கும்போது கூர் பார்க்கிறோம். கத்தரிக்கோல் வாங்கும்போது நாலு தடவை திறந்து மூடிப் பார்க்கிறோம். நகவெட்டியை மட்டும், பணம் கட்டும் இடத்தில் தொங்குவதில் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் வாங்கினேன். என் மகளுக்கு இரண்டு வயது இருக்கும்போது ஒரு நாள் அவளுடைய ஆள்காட்டி விரல் நகத்தை வெட்டினேன். நகத்தோடு ஓரத்துச் சதையும் மாட்டிக்கொண்டது. வந்தது ஒரு துளி ரத்தம்தான். ஆனால் அதற்கப்புறம் மூன்று மாதம், நகவெட்டியைப் பார்த்தாலே கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வாள். அன்று இரவு அந்த நகவெட்டியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மேல் வாய் ஒரு மயிரிழை அளவுக்கு இடப்பக்கம் விலகி நின்றது. வெட்டு விழும் என்று நான் குறிவைத்த இடம் ஒன்று, விழுந்த இடம் வேறு.

நகவெட்டியை எடைபோட எனக்குத் தெரிந்த முதல் அளவுகோல் அதுதான்: இரண்டு விளிம்பும் எப்படிச் சந்திக்கின்றன? பளபளப்பு, பெயர், பெட்டி எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. எஃகு, வடிவம், கைப்பிடி என்று நாம் பார்க்கப்போகும் மற்ற எல்லாமே அந்தச் சந்திப்பு சரியாக நடக்கவும், பல வருடம் அப்படியே நீடிக்கவும் உதவுபவைதான்.

படி 1: கருவி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள்

வீட்டில் இருக்கும் நகவெட்டியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு எஃகுத் தகடு, இரண்டையும் துளைத்து நிற்கும் ஒரு சிறு தண்டு, தண்டின் தலையில் மாட்டியிருக்கும் கைப்பிடி. முக்கியமான பாகங்கள் இவ்வளவுதான். தகடுகள் பின்பக்கம் சேர்ந்திருக்கும். முன்பக்கம் வளைந்து, எதிரெதிரே வாய் போலத் திறந்திருக்கும். கைப்பிடியைப் புரட்டி அழுத்தினால் அதன் அடிப்பகுதி மேல் தகட்டைக் கீழே தள்ளும். அதே நேரத்தில் தண்டு கீழ்த் தகட்டை மேலே இழுக்கும். கையை எடுத்ததும் தகடுகள் தாமாக விரிந்துவிடும். தனியாக ஸ்பிரிங் கிடையாது, தகடுகளே ஸ்பிரிங். 1875-ல் வேலண்டைன் ஃபோகர்ட்டி என்பவர் நகம் திருத்தும் கருவி ஒன்றுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1881-ல் யூஜீன் ஹைம், செலஸ்டின் மாட்ஸ் என்ற இருவர் இரு பக்கமும் இறுக்கி வெட்டும் அமைப்புக்குப் பெற்றார்கள். அந்த அடிப்படை இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

கத்தரிக்கோலின் அலகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு தாண்டிப் போகும். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் வேலை நடந்துவிடும். நகவெட்டியின் விளிம்புகள் அப்படித் தாண்டுவதில்லை. நேருக்கு நேர் வந்து முட்டி நிற்கின்றன. ஒன்று சற்று விலகினாலும், நடுவில் சிறு இடைவெளி இருந்தாலும், கடைசி இழை நகம் வெட்டுப்படாமல் தொங்கும். நாம் அதைப் பிடித்து இழுப்போம், அது பக்கத்துச் சதையோடு கிழிந்து வரும். நகக்கண்ணில் வலி ஆரம்பிப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

நகத்தின் அமைப்பும் இதில் சேர்கிறது. நகம் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது, மூன்று அடுக்காக இருக்கிறது. நடு அடுக்கில் இழைகள் குறுக்குவாக்கில் ஓடுகின்றன. அதனால் நகம் நீளவாக்கில் பிளப்பதைவிடக் குறுக்குவாக்கில் கிழிவது சுலபம். தேவைப்படும் ஆற்றல் கிட்டத்தட்டப் பாதிதான். இயற்கை நமக்குச் செய்த உபகாரம் இது, ஏனென்றால் ஒரு விரிசல் விழுந்தால் அது வேர் வரைக்கும் ஓடாமல் ஓரத்திலேயே கிழிந்து முடிந்துவிடும். கூரான நகவெட்டி மூன்று அடுக்கையும் ஒரே வீச்சில் துண்டிக்கும். மழுங்கியது முதலில் நகத்தை நசுக்கும், பிறகு ஒரு மூலையில் உடைக்கும், மீதியை அந்த இழைகளின் போக்கிலேயே கிழித்துவிடும். வெட்டியபின் நகத்தின் நுனி வெள்ளையாகப் பிசிறடித்து, ஏடு ஏடாகப் பிரிந்திருந்தால் உங்கள் நகத்தைக் குறை சொல்வதற்கு முன் கருவியைப் பாருங்கள்.

படி 2: யாருடைய நகம்?

வீட்டுக்கு ஒரே நகவெட்டி என்ற பழக்கத்தை முதலில் விட்டுவிட வேண்டும். கை நகமும் கால் நகமும் ஒன்றல்ல. பெரியவர்களுக்குக் கை நகம் சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், கால் பெருவிரல் நகம் அதைப் போல இரண்டு மடங்கு அல்லது இன்னும் கூடுதலாக இருக்கும். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளர்கிறது, கால் நகம் ஏறக்குறைய அதில் பாதி. முழு நகம் புதிதாக வளர்ந்து வரக் கைக்கு 6 மாதம் ஆகும், கால் பெருவிரலுக்கு 12 முதல் 18 மாதம் வரை ஆகும். கால் நகத்தில் ஒரு தவறான வெட்டு விழுந்தால் அதன் பலனை ரொம்ப நாள் அனுபவிக்க வேண்டியிருக்கும் என்று அர்த்தம்.

ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்கு இரண்டு நகவெட்டி போதும். கைக்குச் சுமார் 6 செ.மீ. நீளமுள்ள சிறியது, விளிம்பு உட்பக்கமாக லேசாக வளைந்தது. காலுக்குச் சுமார் 8 செ.மீ. நீளமுள்ள பெரியது, விளிம்பு நேரானது அல்லது மிகக் கொஞ்சமே வளைந்தது. காலுக்கு ஏன் நேர் விளிம்பு? கால் நகத்தைக் குறுக்கே நேராக வெட்டுவதுதான் பாதுகாப்பு. மூலைகளை உருட்டி ஆழமாக வெட்டினால், வளரும்போது அந்த மூலை சதைக்குள் குத்திக்கொண்டு இறங்கும். ஷூவின் அழுத்தமும் சேர்ந்தால் வீங்கிச் சீழ் பிடிக்கும். வளைந்த விளிம்புள்ள நகவெட்டியை வைத்துக் காலை வெட்டும்போது நாம் நினைக்காமலேயே மூலைகள் உருண்டுபோகின்றன.

கைக்குழந்தைக்கு நகம் காகிதம் போல இருக்கும், விரல் நுனிச் சதையோடு ஒட்டியும் இருக்கும். பெரியவர்களின் நகவெட்டியை அங்கே கொண்டு போகவே கூடாது. வாய் சிறியதாக, முனை மழுக்கப்பட்டதாக உள்ள குழந்தை நகவெட்டி அல்லது நுனி உருண்டையான சிறு கத்தரிக்கோல் வாங்குங்கள். முதல் சில வாரங்களுக்கு மென்மையான அட்டை அரத்தால் தேய்த்துவிட்டாலே போதும் என்பது என் அனுபவம். குளிப்பாட்டியபின் நகம் மிருதுவாக இருக்கும்போதோ, நன்றாகத் தூங்கும்போதோ, விரல் நுனிச் சதையைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு வெட்ட வேண்டும்.

வயதானவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகக் கவனக்குறைவு நடக்கிறது. வயது ஏற ஏறக் கால் நகம் தடித்து, மஞ்சளாகி, சில சமயம் வளைந்தும் போகும். அதே வயதில்தான் கைவிரல் மூட்டுகள் வலிக்க ஆரம்பிக்கும், கண்ணும் மங்கும், குனிவதும் கடினமாகும். என் அப்பா நகம் வெட்டுவதையே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். கேட்டால் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்பார். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. அவருடைய நகம் அந்த நகவெட்டியின் வாய்க்குள் நுழையவே இல்லை. விளிம்பைக் கொறிப்பது போலப் பத்துத் தடவை முயன்று, விரல் வலித்து, விட்டுவிடுவார். வாய் 4 மி.மீ. திறக்கும், குறடு மாதிரியான இடுக்கி வகை ஒன்று வாங்கிக் கொடுத்தபின் அவரே வெட்டிக்கொள்கிறார். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், நகவெட்டியின் வாய் எவ்வளவு திறக்கிறது, பிடி கைக்குள் முழுமையாக அடங்குகிறதா என்ற இரண்டையும் முதலில் பாருங்கள்.

சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள், காலுக்கு ரத்த ஓட்டம் குறைவாக உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் எந்த நகவெட்டி வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். வலி தெரியாத காலில் விழும் சின்னக் காயம் பெரிய புண்ணாகிவிடும்.

படி 3: எந்த வகை?

நெம்பு வகை. நாம் எல்லோரும் அறிந்தது. சின்னது, சட்டைப்பையில் அடங்கும், வலது கை இடது கை இரண்டுக்கும் ஒன்றுபோல் உழைக்கும். கை நகத்துக்கும் சாதாரணக் கால் நகத்துக்கும் இதைவிட வசதியானது இல்லை.

இடுக்கி வகை. குறடு மாதிரி இரண்டு கைப்பிடி, நடுவில் ஸ்பிரிங், முன்னால் கூரான இரண்டு அலகு. விரல் நுனியால் அழுத்தாமல் உள்ளங்கை முழுவதாலும் அழுத்துவதால் பலம் அதிகம். வெட்டும் இடம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். தடித்த நகம், வளைந்த நகம், மூட்டுவலி உள்ள கை இவற்றுக்கு இதுதான். ஆனால் முனை கூராக இருப்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். மெல்லிய கை நகத்துக்கு இதை வாங்குவது, நகத்தால் கிள்ள வேண்டியதற்குக் கோடாலி எடுப்பது போல.

கத்தரிக்கோல் வகை மெல்லிய நகத்துக்கும், ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தோல் பிசிறுக்கும் நல்லது. இடது கைக்காரர்கள் இதை வாங்கும்போது மட்டும் தங்களுக்கென்று செய்ததைக் கேட்டு வாங்க வேண்டும். வலது கைக்கு அமைத்த அலகுகள் இடது கையில் பிடித்தால் விலகிக்கொண்டு மழுங்கலாக வெட்டும்.

வாய் சுழலும் வகை ஒன்றும் உண்டு. தனக்குத் தானே கால் நகம் வெட்ட முடியாமல் தவிப்பவர்களுக்கு அதன் கோணம் உதவும். ஆனால் சுழலும் மூட்டு என்பது தளர்ந்துபோகக் கூடிய இன்னொரு இடம். தேவை இல்லாதவர்கள் அதைத் தேட வேண்டாம்.

படி 4: எஃகைப் பாருங்கள்

பெட்டியில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று எழுதியிருந்தாலே தரம் என்று நினைத்துவிடுகிறோம். அந்தச் சொல் சொல்வதெல்லாம் அந்த எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கிறது, எளிதில் துருப்பிடிக்காது என்பது மட்டும்தான். கூர் எவ்வளவு நாள் நிற்கும் என்று அது சொல்லாது.

கூர் நிற்க வேண்டுமானால் எஃகைச் சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்க முடிய வேண்டும். அதற்குக் கரிமம் வேண்டும். வெட்டும் கருவிகளில் பரவலாகப் பயன்படும் 420 ரகத்தில் 12 முதல் 14 சதவீதம் குரோமியத்தோடு அந்தக் கரிமமும் இருக்கிறது. அதைச் சரியாகப் பதப்படுத்தினால் உலோகத்தின் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 50-ஐத் தாண்டும் கடினம் கிடைக்கும். பாத்திரங்களுக்குப் பயன்படும் 304 ரகம் துருவை இன்னும் நன்றாகத் தாங்கும். ஆனால் சூடேற்றிக் கடினமாக்க முடியாது. அதில் விளிம்பு செய்தால் சீக்கிரம் மடங்கிவிடும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். காந்தம் ஒட்டினால் அது நல்ல ஸ்டெயின்லெஸ் இல்லை என்று பலர் நம்புகிறார்கள். நகவெட்டியில் இது தலைகீழ். கடினமாக்கக்கூடிய 420 போன்ற ரகங்களில் காந்தம் ஒட்டும், 304-ல் வழக்கமாக ஒட்டாது. காந்தம் ஒட்டாத நகவெட்டியைத்தான் நான் சந்தேகத்தோடு பார்ப்பேன்.

கரிம எஃகில் செய்து மேலே நிக்கலும் குரோமியமும் பூசிய நகவெட்டிகளும் ஏராளம். அவை எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். கரிம எஃகு நல்ல கூர் பிடிக்கும். பூச்சு உரியும் வரை பிரச்சினை இல்லை. உரிய ஆரம்பித்தால் அந்த இடத்தில் துரு ஏறும், அது பெரும்பாலும் விளிம்பில்தான் முதலில் தெரியும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள், அதாவது மலிவான தோடு போட்டால் காது அரிப்பவர்கள், இந்தப் பூச்சு வகையைத் தவிர்ப்பது நல்லது. 'அறுவை சிகிச்சை எஃகு' என்ற வாசகத்துக்குப் பெரிய மதிப்புக் கொடுக்காதீர்கள். அது எந்த ஒரு குறிப்பிட்ட ரகத்தின் பெயரும் அல்ல. ரக எண்ணையே எழுதியிருக்கும் தயாரிப்பாளரை நான் அதிகம் நம்புவேன்.

ஊர்ப் பெயருக்கும் சில சமயம் பொருள் உண்டு. ஜப்பானின் செகி, ஜெர்மனியின் சோலிங்கன் இரண்டும் நூற்றாண்டுகளாகக் கத்தி செய்யும் ஊர்கள். சோலிங்கன் என்ற பெயருக்கு 1938 முதலே ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்பு உண்டு. முக்கியமான வேலைகள் அங்கே நடந்த பொருள்மீதுதான் அந்தப் பெயரைப் பொறிக்கலாம். செகியில் 1908-ல் தொடங்கிய 'காய்' (Kai) என்ற நிறுவனம், ஜப்பானின் சஞ்சோவில் 1926-ல் தொடங்கி இடுக்கி வகைக்குப் பெயர் வாங்கிய சுவாடா, தென்கொரியாவின் 777 ஆகியவை உலகம் முழுக்கத் தெரிந்த பெயர்கள். பிரபலமான பெயர் என்றாலே போலியும் பின்னால் வரும். அதனால் எந்தப் பெயராக இருந்தாலும் அடுத்த படியைத் தாண்டிவிடாதீர்கள்.

படி 5: கையில் எடுத்துச் சோதியுங்கள்

இதுதான் வழிகாட்டியின் இதயம். நேரில் வாங்குவதாக இருந்தால் வாங்குவதற்கு முன்பும், இணையத்தில் வாங்கினால் பெட்டி வந்த உடனேயும் செய்யுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

வெளிச்சச் சோதனை. கைப்பிடியைப் புரட்டி, விளிம்புகள் ஒன்றையொன்று தொடும் வரை மட்டும் மெதுவாக அழுத்துங்கள். அப்படியே விளக்குக்கோ ஜன்னலுக்கோ நேரே பிடித்து, இரண்டு விளிம்புக்கும் நடுவில் பாருங்கள். ஒரு கீற்று வெளிச்சமும் தெரியக் கூடாது. நடுவில் பிறை போல வெளிச்சம் தெரிந்தால் மூலைகள் மட்டும் தொடுகின்றன என்று அர்த்தம். ஒரு மூலையில் தெரிந்தால் வாய் கோணலாக மூடுகிறது. பலமாக அழுத்தினால் அந்த வெளிச்சம் மறையத்தான் செய்யும், அதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். தொடும் நொடியிலேயே முழு விளிம்பும் சேர வேண்டும். இந்த ஒரு சோதனையில் தேறாததை அங்கேயே வைத்துவிடலாம்.

விலகல் சோதனை. விளிம்புகள் தொட்ட நிலையில், நகவெட்டியின் மூக்கை உங்களை நோக்கித் திருப்பிப் பாருங்கள். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் இருக்கக் கூடாது. பக்கவாட்டிலும் ஓரங்கள் சரியாகப் பொருந்த வேண்டும். என் மகளின் விரலைக் கடித்த நகவெட்டி தோற்றது இந்த இடத்தில்தான்.

ஆட்டச் சோதனை. கீழ்த் தகட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மேல் தகட்டை இடமும் வலமுமாக விரலால் தள்ளிப் பாருங்கள். நல்ல நகவெட்டியில் அசைவே தெரியாது. புதிதிலேயே லொடலொடவென்று ஆடினால் ஆறு மாதத்தில் நிலைமை என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கைப்பிடி மட்டும் தண்டின்மேல் சற்று ஆடுவது இயல்பு, அது புரள வேண்டுமே. தகடுகள் ஆடுவதுதான் குற்றம்.

கைப்பிடிச் சோதனை. நன்றாக அழுத்திப் பாருங்கள், ஆனால் வெற்று வாயை முழுப் பலத்தோடு மூடாதீர்கள். எஃகோடு எஃகு மோதினால் கூர் நசுங்கும். ஒரு மெல்லிய அட்டையை நடுவில் வைத்து அழுத்தலாம். கைப்பிடி வளைவது போலத் தோன்றினால் தகடு மெல்லியது. நீங்கள் கொடுக்கும் பலம் நகத்துக்குப் போகாமல் கைப்பிடியிலேயே வீணாகும். கைப்பிடி நீளமாக இருந்தால் அதே வெட்டுக்குக் குறைந்த பலம் போதும், இது நெம்புகோலின் கணக்கு. கட்டைவிரல் பதியும் இடம் அகலமாகவும் வழுக்காமலும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விரல் சோதனை. வெட்டும் விளிம்பைத் தவிர மற்ற எல்லா ஓரங்களையும் விரலால் தடவுங்கள். அச்சில் வெட்டிய தகட்டைச் சரியாக மெருகேற்றாவிட்டால் பிசிறு நிற்கும். வெளி ஓரத்தில் பிசிறை விட்டவர் விளிம்பையும் அக்கறையோடு தீட்டியிருக்க மாட்டார் என்பது என் எண்ணம், பெரும்பாலும் அது சரியாகவே இருந்திருக்கிறது.

காகிதச் சோதனை. வீட்டுக்கு வந்ததும் ஒரு மெல்லிய காகிதத்தின் ஓரத்தை வாயில் வைத்து ஒரே அழுத்து. துண்டு சுத்தமாக விழ வேண்டும். மடங்கினாலோ, ஒரு இழையில் தொங்கினாலோ எந்தப் பக்கம் தொங்குகிறது என்று கவனியுங்கள். அந்த இடத்தில்தான் விளிம்புகள் சேரவில்லை.

கடைசியாக, முதல் நகம். நல்ல நகவெட்டி வெட்டும்போது 'டிக்' என்று சிறிய, தெளிவான சத்தம் வரும். 'நறுக்' என்று உடையும் சத்தம் கேட்டு, விரலில் ஒரு அதிர்வும் தெரிந்தால் அது வெட்டவில்லை, உடைக்கிறது.

இணையத்தில் வாங்கும்போது படங்களில் விளிம்பை நேர் முன்னாலிருந்து காட்டியிருக்கிறார்களா என்று தேடுங்கள். அந்தக் கோணத்தை மறைத்து, கைப்பிடியின் பளபளப்பை மட்டும் பத்துப் படத்தில் காட்டுவதை நான் வாங்குவதில்லை. நீளம், வாய் திறப்பு, எஃகு ரகம் ஆகியவை எண்ணாக எழுதப்பட்டிருக்க வேண்டும். திருப்பி அனுப்பும் வசதி இருந்தால் மட்டும் வாங்குங்கள், ஏனென்றால் ஒரே தயாரிப்பிலேயே ஒன்று நன்றாகவும் அடுத்தது கோணலாகவும் வருவது உண்டு.

படி 6: கூடுதல் வசதிகளில் எது தேவை?

நகத் துண்டுகளைப் பிடித்துவைக்கும் உறை உண்மையிலேயே பயனுள்ளது. வெட்டுப்படும் நொடியில் நகம் துள்ளிப் பறக்கும், கண்ணில் கூடப் படலாம். ஆனால் உறை கழற்றிக் கழுவக்கூடியதாக இருக்க வேண்டும், வெட்டும் இடத்தை மறைக்கவும் கூடாது. கைப்பிடியின் பின்னால் பொறித்திருக்கும் அரம் பெரும்பாலும் பேருக்குத்தான். கோடு கோடாக அழுத்திய உலோகம் நகத்தைப் பிராண்டிவிடும். தனியாக ஒரு கண்ணாடி அரம் வாங்கிக்கொள்ளுங்கள். நீரில் கழுவலாம், வருடக்கணக்கில் உழைக்கும். முன்னும் பின்னுமாக அறுக்காமல் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரே திசையில் தேய்த்தால் நகம் ஏடு பிரியாது.

பூதக்கண்ணாடி பொருத்தியது கண் மங்கியவர்களுக்கு உதவும். சாவி வளையம், மடக்குக் கத்தி, பாட்டில் திறப்பான் எல்லாம் சேர்ந்தது வேண்டாம். பன்னிரண்டு கருவி அடங்கிய பெட்டியும் எனக்கு உடன்பாடு இல்லை. அதே பணத்தில் நல்ல நகவெட்டி ஒன்று வாங்கினால் தினசரி வாழ்க்கைக்கு அது போதும், மீதிப் பதினொன்றும் பெட்டியிலேயே தூங்கும்.

படி 7: வாங்கியதைச் சரியாகப் பயன்படுத்துங்கள்

எவ்வளவு நல்ல கருவியாக இருந்தாலும் முழு நகத்தையும் ஒரே கடியில் வெட்டினால் நகம் தட்டையாக அமுங்கி நடுவில் விரிசல் விடும். ஒரு ஓரத்தில் தொடங்கிச் சின்னச் சின்னக் கடியாக மறு ஓரம் வரை போங்கள். வெள்ளைப் பகுதியில் 1 மி.மீ. போலவாவது விட்டுவையுங்கள். ஒட்ட வெட்டினால்தான் சுத்தம் என்ற எண்ணம் நகக்கண்ணைப் புண்ணாக்கும், நகச்சுற்று வரவும் வழி திறக்கும்.

தடித்த கால் நகத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து, துடைத்துவிட்டு வெட்டுங்கள். நகம் தண்ணீரை உறிஞ்சி வளைந்துகொடுக்கும். மெல்லிய கை நகத்துக்கு நேர்மாறு. நனைந்திருக்கும்போது அது வளைந்து மடங்கும், அதனால் ஈரம் கொஞ்சம் உலர்ந்தபின் வெட்டுவது சுத்தமாக வரும். நகம் விரலிலிருந்து தொடங்கும் இடத்தில் உள்ள மெல்லிய தோல் மடிப்பை வெட்ட வேண்டாம். கிருமி உள்ளே போகாமல் காக்கும் கதவு அது.

படி 8: பராமரிப்பு

ஆளுக்கு ஒரு நகவெட்டி. இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். நகப் பூஞ்சையும் விரல் மருவும் பகிர்ந்துகொள்ளும் நகவெட்டி வழியாகப் பரவலாம், பூஞ்சை பிடித்த கால் நகம் குணமாக ஒரு வருடம் கூட ஆகும். ஒருவருக்கு நகம் தடித்து, நிறம் மாறி, பொடிப் பொடியாக உதிர்ந்தால் அவருடைய நகவெட்டியைத் தனியாக வைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கும் கூட, நோயுள்ள நகத்துக்கு ஒன்று, மற்றவற்றுக்கு வேறொன்று என்று வைப்பது நல்லது.

ஒவ்வொரு முறையும் வெட்டியபின் பழைய பல்துலக்கியால் சோப்பு நீரில் தேய்த்து, 70 சதவீத ஆல்கஹால் நனைத்த பஞ்சால் விளிம்பைத் துடைத்து, நன்றாக உலர்த்துங்கள். அதைவிட அடர்த்தியான ஆல்கஹால் இன்னும் நல்லது என்று தோன்றும், ஆனால் கிருமியின் புரதத்தைச் சிதைக்கக் கொஞ்சம் தண்ணீரும் தேவை. பிளீச்சிங் திரவத்தில் ஊறவைக்காதீர்கள், ஸ்டெயின்லெஸ் எஃகையும் அது அரித்துவிடும். மாதம் ஒருமுறை தண்டும் கைப்பிடியும் சேரும் இடத்தில் ஒரு சொட்டு மினரல் எண்ணெய். குளியலறை ஈரத்தில் திறந்து வைக்காமல் உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

படி 9: எப்போது மாற்றுவது?

மாதக் கணக்கு எதுவும் இல்லை. காகிதச் சோதனையை எப்போதாவது திரும்பச் செய்யுங்கள், அதுவே சொல்லிவிடும். முன்பைவிடப் பலமாக அழுத்த வேண்டியிருக்கிறது, நகம் பிசிறடிக்கிறது, விளிம்பில் பள்ளம் தெரிகிறது, தகடு ஆடுகிறது, துருப் புள்ளி வந்துவிட்டது: இவற்றில் எது நடந்தாலும் நேரம் வந்துவிட்டது. அலுமினியத் தாளை வெட்டினால் கூர் திரும்பும் என்பார்கள். விளிம்பில் ஒட்டிய அழுக்கும் சிறு பிசிறும் போகலாம், மழுங்கிய எஃகு கூராகாது. நெம்பு வகையை வீட்டில் தீட்ட முயன்றால் இரண்டு விளிம்பின் பொருத்தமும் கெட்டுவிடும். விலை உயர்ந்த இடுக்கி வகையாக இருந்தால் தயாரிப்பாளரே தீட்டித் தருகிறாரா என்று கேளுங்கள், சிலர் செய்கிறார்கள்.

பழையதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை என்றால் கழுவித் துடைத்துத் தையல் பெட்டியில் போடுங்கள். நூல் முனை வெட்ட, துணியில் தொங்கும் பிளாஸ்டிக் இழையை அறுக்க அந்தக் கூர் போதும். கைப்பிடியில் ஒரு சிவப்பு நூலைச் சுற்றிக் கட்டிவையுங்கள், அவசரத்தில் யாராவது அதை எடுத்துக் குழந்தைக்கு நகம் வெட்டிவிடக் கூடாது.